எம்பி-போல்: பதில் வராதபோது கைகொடுக்கும் மோட்பஸ் கருவி

பி.எல்.சி.யிடம் மோட்பஸ் வழியே தகவல் கேட்கும் மென்பொருளை, எல்லாம் ஒழுங்காக ஓடும்போது எடைபோட முடியாது. பதில் வராதபோது அது என்ன சொல்கிறது என்பதுதான் உரைகல். கமாண்ட் லைனில் இயங்கும் இலவச மென்பொருளான எம்பி-போல் இதில் நன்றாகவே தேறுகிறது. மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறையில், இரண்டு ரெஜிஸ்டர்களைப் படிக்கக் கேட்கும் கேள்வி வெறும் 8 பைட்; பதில் 9 பைட். 9600 பாட் வேகத்தில் கேள்வி கம்பியில் போய்ச்சேர 10 மில்லிவிநாடிகூட ஆகாது. ஆனால் இவ்வளவு சிறிய பேச்சில் தவறு நேரும் இடங்கள் பல. எம்பி-போல் அவற்றைப் பிரித்துச் சொல்கிறது. நேரம் கடந்துவிட்டது என்றால் முகவரி, வேகம், பாரிட்டி, இடம் மாறிய ஏ-பி கம்பிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செல்லாத ரெஜிஸ்டர் முகவரி என்று கன்ட்ரோலரே மறுத்தால் வயரிங்கில் கைவைக்கவே வேண்டாம், கேட்ட எண்தான் தப்பு. சி.ஆர்.சி. பிழை என்றால் மின் இரைச்சலையோ, விடுபட்ட 120 ஓம் டெர்மினேஷனையோ, ஒரே முகவரியில் இருக்கும் இரண்டு கருவிகளையோ சந்தேகிக்கலாம். மூன்றையும் ஒரே சிவப்பு எச்சரிக்கையாகக் காட்டும் திரையைவிட இந்த ஒற்றை வரிச் செய்தி பயனுள்ளது, ஏனென்றால் பேனலைத் திறப்பதா வேண்டாமா என்பதை அதுவே தீர்மானித்துவிடுகிறது.

பிழையே காட்டாமல் தவறான மதிப்பு வரும்போதுதான் ஆபத்து அதிகம். கையேட்டில் 40001 என்று அச்சாகியிருக்கும் ரெஜிஸ்டர், கம்பியில் 0 என்றே போகிறது. எம்பி-போல் இயல்பாக 1 முதல் எண்ணும். கையேடு 0 முதல் எண்ணியிருந்தால் அதற்கான தேர்வைக் கொடுக்க வேண்டும், மறந்தால் பக்கத்து ரெஜிஸ்டரின் மதிப்பு அமைதியாக வந்து நிற்கும். 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து வரும்போது எது முன், எது பின் என்று மோட்பஸ் விதி சொல்வதில்லை, உற்பத்தியாளர் வைத்ததே வரிசை. வரிசையை மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் எது சரி என்பதைக் கருவியின் டிஸ்ப்ளேயோடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும். இயல்பு அமைப்பான 19200 பாட், ஈவன் பாரிட்டி மோட்பஸ் தரத்தை ஒட்டியது. களத்தில் 9600, பாரிட்டி இல்லாத கருவிகள் ஏராளம் என்பதால் முதல் முயற்சியில் பதில் வராமல் போனால் திகைக்க வேண்டாம்.

கறுப்புத் திரையில் தட்டச்சு செய்வது டெக்னீஷியனுக்குச் சிரமம் என்று சொல்லலாம். முதல் முறை சிரமம்தான். ஆனால் வேலைசெய்த கட்டளையை அப்படியே சேமித்து அடுத்தவருக்குக் கொடுக்க முடிகிறது, பத்துப் பெட்டிகளில் தேர்ந்தெடுத்த அமைப்புகளை அப்படிக் கைமாற்றுவது கடினம். கடவுச்சொல்கூட இல்லாத மோட்பஸை விட்டு ஓ.பி.சி. யு.ஏ.வுக்கு மாறலாமே என்ற வாதம் புதிய ஆலைக்கு முழுக்கப் பொருந்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், ஆர்.எஸ்.-485 மட்டுமே உள்ள வி.எஃப்.டி.யிடமும் எனர்ஜி மீட்டரிடமும் அவற்றின் மொழியில்தான் பேசியாக வேண்டும்.

என் கடுமையான குறை ஒன்றுதான். கட்டளையின் கடைசியில் போர்ட் பெயருக்குப் பின் ஓர் எண் இருந்தால், எம்பி-போல் படிப்பதை விட்டு அந்த எண்ணை ரெஜிஸ்டரில் எழுதிவிடும். ஓடும் மோட்டாரின் வேகத்தை மாற்ற இது ஒன்றே போதும். படிக்க ஒன்று, எழுத ஒன்று என்று கட்டளையையே பிரித்திருக்க வேண்டும். அதுவரை, எச்.எம்.ஐ. இணைப்பைக் கழற்றி, லைனில் ஒரே மாஸ்டர் இருப்பதை உறுதிசெய்து, என்டர் தட்டும் முன் வரியின் கடைசிச் சொல்லை ஒருமுறை படித்துவிடுங்கள்.