பாதித் தாடை

எலும்பைப் பற்றிப் பேச ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். எலும்பைப் பற்றி ஒன்றுமில்லை. கதை கட்டுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

1932-ல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் லூயிஸ் என்ற இளைஞர், இன்றைய இமாசலப் பிரதேசத்திலுள்ள ஹரிதல்யாங்கர் அருகே ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். வலப்பக்கம் மட்டும், அதில் சில பற்கள். 1934-ல் அதற்கு 'ராமாபிதெகஸ்' என்று பெயர் வைத்தார். வேறு துண்டுகளுக்குப் பிரம்மா, சுக்ரீவன் பெயர்களை வைத்தார். (சிவன் பெயரை 1910-லேயே இன்னொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.) பிற்பாடு பார்த்தால், ராமரின் மேல்தாடையும் பிரம்மாவின் கீழ்த்தாடையும் ஒரே பிராணியின் வகை!

1961-ல் எல்வின் சைமன்ஸ் அந்தத் துண்டை மறுபடி கையில் எடுத்தார். இல்லாத இடப்பக்கத்தை, இருக்கிற வலப்பக்கத்தின் கண்ணாடிப் பிம்பமாக வைத்துப் பார்த்தார். மனித வாயைப் போல அழகாக வளைந்து வந்தது. ஆனால் நடுக்கோடு எது என்று சொல்லும் எலும்புதான் துண்டில் இல்லையே! கோட்டை ஒரு பக்கம் தள்ளினால் மனிதன். மறுபக்கம் தள்ளினால் குரங்கு. அதோடு விட்டார்களா? கோரைப்பல் சிறியது, ஆகவே கையில் ஆயுதம் பிடித்திருப்பான், ஆகவே இரண்டு காலில் நின்றிருப்பான் என்று போயிற்று கதை. கால் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி ரயிலின் ஜன்னலில் பாதி முகம் தெரிந்த ஒரு பெண்ணை வைத்து நானும் முந்நூறு பக்கம் எழுதியவன்தான். அது கதை என்று வாசகருக்குத் தெரியும். பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு யார் சொல்வது?

1967-ல் சாரிச், வில்சன் இருவரும் ரத்தப் புரதத்தை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கும் பிரிந்து ஐம்பது லட்சம் வருஷந்தான் ஆகிறது என்றார்கள். எலும்புக்காரர்கள் ஏற்கவில்லை, அவர்கள் கணக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம். கடைசியில் பாகிஸ்தானின் பொட்வார் மேட்டில் ஒரு சிவாபிதெகஸ் முகமே கிடைத்தது. 1982-ல் அதை வெளியிட்டவர் டேவிட் பில்பீம். கண்குழியும் மூக்கும் ஒராங்குட்டானை ஒத்திருந்தன. ராமாபிதெகஸ் சிவாபிதெகஸுக்குள் அடங்கிப்போயிற்று.

இந்தப் பில்பீம் யார் தெரியுமா? சைமன்ஸோடு சேர்ந்து, ராமாபிதெகஸ் மனிதனின் மூதாதை என்று வாதாடியவரேதான். தான் எழுதியதைத் தானே அடித்தாரே, அந்தத் துணிச்சல் எங்கள் தொழிலில் அபூர்வம்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய கல்லூரிப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ராமாபிதெகஸ் நிமிர்ந்து நிற்கிறது. கிடைத்த தாடைக்கும் கிடைக்காத காலுக்கும் ஒரே மசி.