அலிஃபிலிருந்து ஹராஸ் மரம் வரை: இப்ராஹீம் அஸ்ஸலாஹியின் ஓவியப் பாதை

ஓர் ஓவியத்தில் அரபு எழுத்தின் வளைவு ஒன்று தென்பட்டால் போதும். அதனை 'இஸ்லாமிய எழுத்தணிக்கலை' என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவது கலை வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். நம்மவரும் அப்பெயரைக் கேட்ட மகிழ்ச்சியில் மேற்கொண்டு எதையும் வினவுவதில்லை. சூடான் நாட்டின் தலைசிறந்த ஓவியரான இப்ராஹீம் அஸ்ஸலாஹி இவ்வாறு தவறாகப் புகழப்பட்டவர்களுள் ஒருவர். அவருடைய ஆக்கங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்ப்பவர்க்கு வேறோர் உண்மை புலப்படும். எழுத்து அவருக்கு ஒரு வாயில். அவ்வாயிலின் வழியே அவர் சென்று சேர்ந்த இடம் நைல் நதிக்கரையில் நிற்கும் ஒரு மரம்.

அஸ்ஸலாஹி 1930ஆம் ஆண்டு உம்முதுர்மானில் பிறந்தார். தந்தையார் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். சூடானில் இத்தகைய பள்ளியைக் 'கல்வா' என்பர். அங்கே மாணவர்க்கு ஏடு மரப்பலகைதான். மையால் எழுதி, மனனம் செய்தபின் கழுவி, மீண்டும் எழுதுவர். குறிப்பிட்ட பகுதியை ஓதி முடித்த மாணவனின் பலகையைக் கோலங்களால் அழகுபடுத்துவதும் உண்டு. இதனை 'ஷரஃபா' என்று அழைப்பர். மக்தபில் பலகை பிடித்து அலிஃப், பே எழுதிப் பழகிய நம் தலைமுறையினர்க்கு இச்சூழல் அந்நியமானதன்று. அஸ்ஸலாஹியின் கை முதன்முதலில் பழகிய கலை இந்தப் பலகை அலங்காரமே. எழுத்தும் கோலமும் மரமும் ஒரே பரப்பில் கூடியிருந்த அந்த அனுபவத்தைப் பின்னர் அவர் கற்ற எந்தக் கல்லூரியாலும் அழிக்க முடியவில்லை.

கார்த்தூமில் பயின்றபின், 1954 முதல் 1957 வரை லண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியில் கற்றார். தாயகம் திரும்பி அவர் நடத்திய கண்காட்சியின் தொடக்க நாளில் கூட்டம் வந்தது. பிறகு எவரும் எட்டிப்பார்க்கவில்லை. ஐரோப்பிய முறையில் தேர்ச்சியுடன் தீட்டப்பட்ட அந்த ஓவியங்கள் சூடானியர் கண்ணுக்கு எதையும் உணர்த்தவில்லை. மக்களுக்குக் கலையறிவு போதாது என்று பழி கூறி அமைதியடைவது எளிது. அஸ்ஸலாஹி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நாட்டைச் சுற்றினார். வீடுகளிலும் பாய்களிலும் கைவினைப் பொருள்களிலும் மக்கள் எதனை அழகென்று வைத்திருக்கின்றனர் என்பதைக் கவனித்தார். பின்னர் ஓவியத்தின் மூலையில் சிறிதாக அரபு எழுத்தைச் சேர்த்தார். மக்கள் அருகில் வந்து நின்றனர். எழுத்தைப் பெரிதாக்கினார், அதன்பின் எழுத்தையே உடைத்தார்.

இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். கத்துக் கலையின் உயிர் அளவில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லா, எழுதுகோலின் புள்ளியை அலகாகவும் அலிஃபை அளவுகோலாகவும் கொண்டு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார் என்பதை அறிவோம். அந்த விகிதத்தைக் கைவிட்டவனை எந்த உஸ்தாதும் கத்தாத் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். அஸ்ஸலாஹி அதனைக் கைவிட்டார். வாசிக்கவே இயலாத அளவுக்கு எழுத்தைப் பிளந்தார். அரபு எழுத்தைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர்க்கு இது முதலில் உறுத்தவே செய்யும். ஆயினும் பிளந்த இடைவெளிகளிலிருந்து வெளிப்பட்டவை யாவை? பறவையின் அலகு, கால்நடையின் கொம்பு, விதை, வேர், நீண்ட மனித முகம். கருப்பு, வெள்ளை, காவி, மஞ்சள் மண் என நிறங்களும் சூடான் நிலத்தின் நிறங்களாயின. 1961இல் தொடங்கி 1965இல் நிறைவுற்ற 'குழந்தைக் கனவுகளின் மறுபிறப்பு ஒலிகள்' என்னும் பேரோவியத்தில் எழுத்தைத் தேடுவோர் ஏமாறுவர். அங்கிருப்பவை மரக்கட்டையிலிருந்து செதுக்கியவை போன்ற உருவங்கள்.

1975இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் பங்கு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, விசாரணையின்றி ஆறு மாதங்களுக்கு மேல் கோபர் சிறையில் அடைக்கப்பட்டார். காகிதமும் எழுதுகோலும் அங்கே தடை. கிடைத்த துண்டுக் காகிதங்களில் ஒளிவாக வரைந்து மணலில் புதைத்து வைத்தார். சிறு துண்டொன்றில் தொடங்கிய வடிவம் அடுத்த துண்டில் நீண்டது. அதற்கடுத்ததில் இன்னும் வளர்ந்தது. ஒரு வித்திலிருந்து எல்லாத் திசையிலும் விரியும் இம்முறையே பின்னாளில் அவருடைய ஓவிய முறையாயிற்று. முழு உருவத்தை அவர் முன்கூட்டித் திட்டமிடுவதில்லை. கத்தரில் வாழ்ந்தபோது, 1984-85இல், ஒன்பது பலகங்களில் மையால் வரைந்த 'தவிர்க்கவியலாதது' இவ்வாறு வளர்ந்ததே. இயற்கையைப் பார்த்து வரைதல் ஒன்று. இயற்கை வளரும் வகையில் வரைதல் மற்றொன்று. பின்னதே அரிது.

இனி ஹராஸ் மரம். வேல மரங்களுக்கு உறவான இது, மழை தொடங்கியதும் இலைகளை உதிர்த்துவிடும். எங்கும் வறண்டு கருகும் கோடையில் பசுமையாகத் தழைக்கும். ஆழ ஊன்றிய வேர் நிலத்தடி நீரைத் தொடுவதே இதற்குத் துணை. உழவர் இதன் நிழலடியில் தானியம் விதைப்பர். பயிருக்குத் தண்ணீர் வேண்டிய மழைக்காலத்தில் மரம் இலையுதிர்த்து வெயிலுக்கு வழிவிடும், மண்ணுக்கும் உரமாகும். கோடையில் இதன் காய் கால்நடைக்குத் தீனி. மழையோடு பகை கொண்ட மரம் என்று சூடானியர் இதைப் பற்றிப் பேசுவர். வெள்ளம் வரும்போது வெறுமையாகவும் வறட்சியில் செழிப்பாகவும் நிற்கும் இம்மரத்தில் அஸ்ஸலாஹி தம் மக்களின் இயல்பைக் கண்டார். மண்ணையும் விண்ணையும் இணைப்பதாகவும், மனித உடலாகவும் அதனைக் கருதினார்.

சூரா இப்ராஹீமில் நற்சொல்லுக்கு மரம் உவமையாகிறது: வேர் மண்ணில் உறுதியாக, கிளை வானத்தில். சொல்லுக்கு மரத்தை உவமை காட்டும் வேதத்தைப் பலகையில் எழுதிப் பழகிய கை, எழுத்தைத் திறந்து மரத்தைக் கண்டடைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மர வரிசை முழுவதும் ஒரே தரத்தது என்று சொல்லமாட்டேன். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ண மையால் தீட்டப்பட்டவற்றுள் சிலவற்றில் செங்குத்துக் கோடுகளும் கட்டங்களும் மேலோங்கி, மரம் வெறும் ஒழுங்கமைப்பாகிவிடுகிறது. பட்டையின் சொரசொரப்பும் காற்றும் அங்கே இல்லை. கருப்பு வெள்ளையில் வரைந்தவை வேறு. கோடு தயங்கித் தயங்கி ஏறுகிறது. அந்தத் தயக்கத்திலேயே ஒரு மரம் வளர எடுத்துக்கொள்ளும் காலம் தெரிகிறது. நான் இவற்றை அச்சுப் பிரதிகளிலேயே பார்த்துள்ளேன். அளவு தரும் பிரமிப்பு இல்லாத நிலையிலும் இவ்வேறுபாடு மறைவதில்லை.

2013இல் லண்டன் டேட் மாடர்ன் அவருடைய வாழ்நாள் ஆக்கங்களைத் திரட்டிக் காட்சிப்படுத்தியது. ஆப்பிரிக்க ஓவியர் ஒருவர்க்கு அங்கே அளிக்கப்பட்ட முதல் பெருங்காட்சி அதுவே. எண்பதைக் கடந்து, ஆக்ஸ்ஃபோர்டில் முதுகுவலியும் பார்க்கின்சன் நோயும் வருத்திய நாள்களில், பெரிய பரப்பின் முன் நிற்க இயலாமற்போனபோது, தாம் உட்கொண்ட மருந்துகளின் அட்டைப்பெட்டிகளை விரித்து, அவற்றின் பின்புறத்தில் பேனாவால் வரையத் தொடங்கினார். 'வலிநிவாரணம்' என்று பெயர் பெற்ற அச்சிறு வரைவுகள் சில, பின்னர் லினன் துணியில் பெரிதாக அச்சிடப்பட்டன.