முதல் தடவை கைகாட்டியபோது

1984 ஜூலை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். வீடு புகுந்த ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளான 22 வயதுக் கல்லூரி மாணவி, அந்த நேரத்திலும் அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனப்பாடம் செய்தார். பிழைத்தால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற வைராக்கியம். இதைவிட நல்ல சாட்சி எந்த வழக்குக்கும் வாய்க்காது. ஆனால் அவர் அடையாளம் காட்டிய ரொனால்ட் காட்டன், செய்யாத குற்றத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். 1995இல் டிஎன்ஏ பரிசோதனைதான் அவரை மீட்டது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பிசகு நடந்த இடம் வேறு. ஆறு புகைப்படங்களை முன்னால் வைத்தபோது அவர் சட்டென்று கைகாட்டவில்லை. சில நிமிடங்கள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இவன்தான் என்று நினைக்கிறேன் என்றார். பிறகு ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். அங்கும் இரண்டு பேருக்கு நடுவே தயங்கினார். படத்திலும் வரிசையிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான். சரியான ஆளைக் காட்டிவிட்டீர்கள் என்று போலீஸார் தெம்பூட்டினார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவரிடம் துளி சந்தேகமும் இல்லை. 1987 மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனை நான் பார்த்ததே இல்லை என்றார். அதற்குள் அவர் நினைவில் இருந்த முகம் காட்டனின் முகமாகிவிட்டது.

அப்படியானால் நேரில் கண்டவர் சொல்லைத் தள்ளிவிடலாமா? கூடாது. சாட்சியின் உறுதியை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் ஜான் விக்ஸ்டெட், கேரி வெல்ஸ் இருவரும் 2017இல் சேர்ந்து எழுதிய கட்டுரையின் முடிவு இது: சந்தேக நபர் தனித்துத் தெரியாத வரிசை, அவர் யாரென்று அறியாமல் வரிசையை நடத்தும் அதிகாரி, குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம் என்ற முன்னறிவிப்பு ஆகியவை சரியாக இருந்தால், முதல் தடவை காட்டும்போதே சாட்சி தெரிவிக்கும் உறுதி பெரிதும் நம்பத்தக்கது. ஆக, பர்லிங்டனில் முதல் நாள் தயக்கமே உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை.

நம் சட்ட நடைமுறையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் நீதிமன்றத்தில் கைகாட்டுவதுதான் மூல சாட்சியம். அடையாள அணிவகுப்பு அதற்கு வலுச்சேர்ப்பது மட்டுமே. குறுக்கு விசாரணை நீதிமன்றத்தில்தான் நடக்கும் என்பது இதற்கான நியாயம். அது வலுவான நியாயம்தான். ஆனாலும் மாதங்கள், வருடங்கள் கழித்து, குற்றவாளிக் கூண்டில் தனியாக நிற்பவரைக் காட்டுவது எந்த நினைவையும் சோதிப்பதில்லை. என் தீர்ப்பு: முதல் அடையாளம் முறையாக நடந்து பதிவாகியிருந்தால் அதை நம்பலாம், அது இல்லாமல் கூண்டில் காட்டியதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது.

அடையாளம் காட்டுபவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் அந்த நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 54ஆம் பிரிவு ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கிறது. அதை எல்லாச் சாட்சிகளுக்கும் விரிவாக்குங்கள்.