கேட்கப்படாத குரல்: ‘பாரம்’ திரைப்படத்தை முன்வைத்து

பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’, 2018ஆம் ஆண்டிற்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்த் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. தலைக்கூத்தல் என்னும் கொடுமையைத் தோலுரித்த படம் என்றே பலரும் அதைப் போற்றினர். அப்போற்றுதல் தகும். ஆயினும் இப்படம் எழுப்பும் கேள்வி, தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் வழக்கத்தோடு முடிந்துவிடுவதன்று. கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நம் வீட்டு வாசலையும் அது தொடுகிறது.

கதை எளியது. கருப்பசாமி ஓர் இரவுக் காவலாளி, மனைவியை இழந்தவர், நகரில் உடன்பிறந்தாள் குடும்பத்தோடு வாழ்கிறார். விபத்தொன்றில் அவரது இடுப்பெலும்பு முறிகிறது. அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நிலையில், மகன் செந்தில் நாட்டு வைத்தியமே போதும் என்று தந்தையைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்கிறான். சில நாள்களில் முதியவர் இறந்து போகிறார். சகோதரியின் மகன் வீரா அம்மரணத்தை ஐயுற்று உண்மையைத் தேடத் தொடங்குகிறான்.

முதியவராக நடித்துள்ள இரா. ராஜு புதுவை நாடக உலகைச் சேர்ந்தவர். வசனத்தைவிட முகத்தாலேயே அவர் அதிகம் பேசுகிறார். அழவைக்க வேண்டும் என்ற அவசரம் இயக்குநருக்கு இல்லை. படத்தின் பெருஞ்சிறப்பு அதுவே. குறை, பிற்பகுதியில் புலப்படுகிறது. கொலை எவ்வாறு நிகழ்ந்தது, யார் உடந்தை என்ற விசாரணையில் கதை இறங்கியதும், நம் சினம் முழுவதும் மகன்மீதும் ஊர்மீதும் குவிந்துவிடுகிறது. தலைக்கூத்தலைக் கேள்வியுறாத ஊர்க்காரர் ‘நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்’ என்று ஆறுதலோடு எழுந்து போகலாம். அந்த ஆறுதலைப் படம் தந்திருக்க வேண்டாம்.

ஏனெனில், முதல் அநீதி எண்ணெய்க் குளியலிலோ நச்சூசியிலோ தொடங்கவில்லை. நோயாளியின் உடலைப் பற்றிய முடிவை அவரைத் தவிர மற்றவர்கள் எடுத்துக்கொண்ட அந்தக் கணத்திலேயே அது தொடங்கிவிட்டது. கருப்பசாமி நினைவிழந்தவர் அல்லர். முறிந்தது எலும்பே, அறிவன்று. சுயநினைவுள்ள நோயாளிக்குத் தம் நோயை அறியவும், சிகிச்சைக்கு இசையவும் மறுக்கவும் உரிமையுண்டு. ஆயினும் நம் நாட்டு மருத்துவமனைகளில் கட்டிலருகே நாள்தோறும் கேட்கும் சொல், ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்பது. நோயாளி கேட்கிறார், உறவினர் கண்சாடை காட்டுகின்றனர். இடையில் நிற்கும் செவிலியர் யாருக்கு உண்மையாயிருப்பார்? படம் கண்ணெடுத்துப் பாராத மனிதர் இவரே.

இப்படத்தில் இன்னொரு கூர்மையும் உண்டு. அன்பு காட்டுவோரிடம் உரிமை இல்லை. உரிமை உள்ளவனிடம் அன்பு இல்லை. ஈண்டு அருணா ஷான்பாக் வழக்கை நினையாதிருக்க இயலாது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரான அவர், 1973 நவம்பரில் அங்கேயே பணிபுரிந்த ஒருவனால் கொடுந்தாக்குதலுக்கு உள்ளானார். 2015 மே 18இல் இறக்கும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேல் உணர்விழந்த நிலையில் கிடந்தார். உணவூட்டுவதை நிறுத்தி அவரைச் சாகவிட வேண்டும் என எழுத்தாளர் பிங்கி விராணி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருணாவின் சார்பில் பேசும் தகுதி, ஆண்டுக்கணக்கில் ஊட்டியும் துடைத்தும் காத்த மருத்துவமனைப் பணியாளர்க்கே உரியது என்று கூறி, அம்மனுவைத் தள்ளியது. அங்கே அன்பு, உரிமையாகவும் ஏற்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த செவிலியர் எவரும் அவரைப் பாரம் என்று இறக்கிவைக்கவில்லை.

எனினும் அங்கும் அருணாவின் குரலை எவரும் கேட்டிலர், கேட்க வழியுமில்லை. இக்குறையை நீக்கவே, 2018 மார்ச் 9இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ஒருவர் நலமாயிருக்கும்போதே தம் இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அந்நடைமுறை எளிதாக்கப்பட்டது: இரு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட் பதிவுபெற்ற அதிகாரி முன் கையொப்பமிட்டால் போதும்.

கத்தோலிக்கர் இதை ஏற்கலாமா? கண்மூடி ஏற்கவும் வேண்டாம், அஞ்சி ஒதுக்கவும் வேண்டாம். 1957லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அசாதாரணமான சிகிச்சை முறைகளை மேற்கொள்ள ஒருவர் கடமைப்பட்டவர் அல்லர் என்று மருத்துவர்களிடம் தெளிவுபடுத்தினார். நோவைத் தணிக்கும் மருந்து, நோக்கமின்றி ஆயுளைச் சற்றுக் குறைக்க நேரினும், கொடுக்கலாம் என்றும் கூறினார். 1980ஆம் ஆண்டின் திருச்சபை அறிக்கை அதனையே விரித்துரைத்தது. உயிரைப் போக்கும் செயலுக்கும், சாவு நெருங்குகையில் பயனற்ற சிகிச்சையின் சுமையை விலக்குவதற்கும் இடையே கோடு உண்டு. ஆனால் உடல் ஏற்கும்வரை உணவும் நீரும் அளிப்பது அடிப்படைப் பராமரிப்பு என்பதே திருச்சபையின் போதனை. இங்கே நீதிமன்றம் திறக்கும் வழியெல்லாம் நம் வழியாகிவிடாது.

இக்கோட்டை வைத்துப் பார்த்தால் செந்திலின் குற்றம் தெளிவாகும். வென்டிலேட்டரை மறுக்கும் புற்றுநோயாளி தம் சாவை ஏற்கிறார். இடுப்பு முறிந்தவருக்கு உரிய சிகிச்சையை மறுக்கும் மகன் தந்தையின் சாவைத் தேர்கிறான். இரண்டையும் ‘வீட்டுக்குக் கொண்டு போகிறோம்’ என்ற ஒரே சொற்றொடரால் நாம் மூடிவிடுகிறோம்.

வறுமையை மறந்து இதைப் பேசுவது பரிசேயத்தனம். கூலிவேலைக்குப் போகும் மகளால் படுக்கையில் கிடக்கும் தாயைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள முடியாது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடி வலிதணிப்புச் சேவை தருவது ஆறுதலுக்குரியது. மார்பின் மருந்து கிடைப்பதை எளிதாக்கும் சட்டத்திருத்தமும் 2014லேயே வந்துவிட்டது. ஆயினும் அரசு ஊழியர் வந்துபோன பின் எஞ்சும் நீண்ட இரவை யார் பகிர்வது? வழிப்போக்கனின் காயத்தைக் கட்டியதோடு நில்லாமல், சத்திரச் செலவையும் ஏற்றுக்கொண்ட சமாரியரின் மக்கள் நாம் அல்லவா?

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் நோயாளரைச் சந்திக்கின்றனர். செபமாலை சொல்வதற்கு முன், குடும்பத்தாரை விலக்கி அல்ல, அவர்கள் முன்னிலையிலேயே, நோயாளியிடம் ஒன்றைக் கேட்கட்டும்: ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ எரிக்கோவில் பார்வையற்றவரிடம் ஆண்டவர் கேட்டதும் அதுவே. அவருக்கு என்ன குறை என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தும், ஆண்டவர் அவர் வாயாலேயே சொல்லவைத்தார். கருப்பசாமியிடம் எவரேனும் அதைக் கேட்டிருந்தால், ‘பாரம்’ என்ற படத்துக்கே கதை இருந்திராது.