வாழைத் தண்டுக்குள் வண்டு: பொறி வைப்பதன் பலமும் குறையும்

காற்றடித்து வாழை சாய்ந்துவிட்டது என்று சொல்லும் தோட்டத்தில் சாய்ந்த மரம் ஒன்றைப் பிளந்து பார்க்க வேண்டும். தண்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் குடைந்த தடம் ஓடியிருந்தால், காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தண்டுக் கூன்வண்டின் வேலை. ஸ்ரீரங்கம் தீவிலும், அந்தநல்லூர், லால்குடி, முசிறி, தொட்டியம் பக்கங்களிலும் வாழை வைப்பவர்களுக்கு இந்த வண்டு புதிதல்ல. ஆனால், பெரும்பாலும் மரம் ஒடிந்த பிறகுதான் கவனிக்கிறோம்.

மரத்துக்கு ஐந்து மாதம் ஆகும் சமயத்தில் வண்டு வரத் தொடங்குகிறது. பட்டையில் சிறு துளையிட்டு உள்ளே முட்டை வைக்கும். காய்ந்த சருகை விலக்கிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் துளைகளும், அவற்றிலிருந்து கூழ்போல வடியும் பிசினும் தெரியும். அதற்குள் காலில்லாத வெள்ளைப் புழு தண்டைத் தின்னத் தொடங்கியிருக்கும். பிறகு தண்டின் நாரையே சுற்றிக் கூடு கட்டி உள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. முன்கூட்டியே கண்காணிப்பது அதனால்தான் அவசியமாகிறது.

1993-இல் தொடங்கப்பட்டு, திருச்சி தாயனூரில் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்கள் பரிந்துரைப்பது தண்டுப் பொறி. அறுவடையான மரத்தின் தண்டை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கம் மண்ணில் படும்படி மரத்தடியில் கவிழ்த்து வைப்பார்கள். புதுத் தண்டின் வாசனைக்கு இரவில் வண்டுகள் வந்து ஈரத்தில் பதுங்கும். காலையில் புரட்டிப் பொறுக்கி அழிக்கலாம். வெட்டுப்பக்கத்தில் பியூவேரியா பேசியானா பூஞ்சையைத் தடவி வைத்தால், தப்பிப் போகும் வண்டும் நோயுற்றுச் சாகும். எக்டேருக்கு 100 பொறி, அதாவது ஏக்கருக்கு 40. மூலப்பொருள் தோட்டத்திலேயே கிடக்கிறது.

முன்பு இதே வண்டுக்காக மோனோகுரோட்டோபாஸ் மருந்தை ஊசி மூலம் தண்டுக்குள் செலுத்தச் சொன்னார்கள். பூ வந்த பிறகு போடக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஆனால், வாழையில் நாம் உண்பது பழத்தை மட்டுமா? பூவும் தண்டும் சமையலுக்குப் போகின்றன, இலையில் சோறு போடுகிறோம். அப்படிப்பட்ட பயிருக்குள் கடும் நஞ்சை ஏற்றுவது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை. அந்த மருந்தின் 36 சதவீதக் கரைசலுக்கு 2023-இல் மத்திய அரசு தடை உத்தரவு பிறப்பித்தது. பொறியின் முதல் பெருமையே அது நஞ்சில்லாத வழி என்பதுதான்.

அதற்காகக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கோடையில் தண்டுத் துண்டு சில நாளிலேயே காய்ந்துவிடும். காய்ந்த துண்டுக்கு வண்டு வராது. மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். எடுக்காமல் விட்ட துண்டு அழுகி, வண்டு முட்டையிடும் இடமாகவே மாறிவிடும். பொறி வைத்துவிட்டு மறப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல். 40 துண்டுகளை வாரந்தோறும் புரட்டி, பழையதை அகற்றிப் புதியதை வைக்க ஆள் வேண்டும். தார் வெட்டவும் முட்டுக் கொடுக்கவுமே ஆள் கிடைக்காத ஊரில், குத்தகைக்கு எடுத்தவர் இதற்குத் தனியாகக் கூலி கொடுப்பாரா?

இன்னொன்று, பொறியில் விழுவது வளர்ந்த வண்டு மட்டுமே. தண்டுக்குள் இருக்கும் புழு அந்தக் கணக்கில் வராது. பொறி காலியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர் சருகு கழித்துப் பிசினையும் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது கண்காணிப்பு.

எல்லாப் பூச்சிக்கும் எண்ணிக்கை பார்த்துக் காத்திருக்கவும் முடியாது. முடிக்கொத்து நோயைப் பரப்பும் அசுவினி சில இருந்தாலே போதும். அங்கே தேட வேண்டியது நோய் கண்ட மரத்தை. கண்டதும் கிழங்கோடு அகற்ற வேண்டும். கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழை இந்த நோயால் பெரும்பரப்பில் அழிந்ததை மறந்துவிடக் கூடாது.

என் கணிப்பில் தண்டுப் பொறியின் பெரிய பலவீனம் வேலி. ஒருவர் பொறுக்குகிறார், அடுத்த தோட்டத்தில் தார் இறக்கிய தண்டுகள் வாய்க்கால் கரையில் அழுகிக் கிடக்கின்றன, அல்லது வெட்டாமலே நிற்கின்றன. வெட்டாமல் விட்ட தாய்மரத்தின் சத்து மறுதாம்புக்கு இறங்கும் என்று விவசாயி அதை நிற்க விடுவதில் நியாயம் உண்டு. ஆனால், வண்டு தென்பட்ட தோட்டத்தில் அந்தச் சத்தைவிட வண்டால் வரும் நட்டம் பெரிது. ஆகவே இதைத் தனி விவசாயியின் பொறுப்பில் விடாமல், ஒரே வாய்க்காலில் பாயும் தோட்டங்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் பொறி வைக்க வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது, வண்டு கண்ட தோட்டத்தில் தார் இறக்கியதுமே தண்டை வெட்டிப் பிளந்து வெயிலில் காயப்போடுவது. பக்கத்துத் தோட்டக்காரரையும் அதற்குச் சம்மதிக்க வையுங்கள்.