எண்கின் எண்ணிக்கை: சங்க அகப்பாடற் சான்றும் சூழலியல் மதிப்பீடும்

முன்னுரை

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவு, ஒரு சொல் பயின்றுவரும் இடங்களை ஒருங்கே தொகுத்துக் காண வழிசெய்தது. தென்னிந்தியக் காடுகளின் தாவர வரைபடங்களும் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தன. இவ்விருவகைச் சான்றுகளையும் இணைத்துப் பண்டைய காட்டுயிர் வளத்தை மதிப்பிடும் வேட்கை இயல்பானதே. எனினும், எண்கு பாடல்களில் பலகால் வருவதால் காடுகளில் மிகுதியாக இருந்தது எனக் கொள்வது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாடல் காட்டுவன

நற்றிணை 125, 325 ஆகிய பாடல்களில் ஆண் எண்கு இரைதேடிப் புற்றை அகழ்கிறது. நீண்ட உகிரால் புற்றைப் பெயர்த்துக் கறையானை உண்பது இன்றைய கரடியிடமும் காணப்படும் இயல்பு. ஆகவே உணவுப் பழக்கம் குறித்து இப்பாடல்கள் நம்பத்தக்கன. அகநானூறு 331 இன்னும் நுட்பமானது. இருப்பைப் பூவை உண்ணும் எண்கின் கூட்டம் ஆடுகள் பரந்தாற்போல் தோன்றுகிறது. எஞ்சிய பூவை மகளிர் மூங்கிற் குழாயில் தொகுக்கின்றனர். கரடி பெரும்பாலும் தனித்துத் திரியும் விலங்கு. பூக்காலத்தில் ஒரு மரச்சோலையில் பல கூடுவதைக் கண்டு காடு முழுதும் அவ்வாறே எனக் கணித்தால் எண்ணிக்கை பன்மடங்கு மிகும்.

எண்ணுதலின் இடர்

புலியின் வரிகள் ஒன்றற்கொன்று வேறுபடுவதால் தானியங்கி ஒளிப்படக் கருவியில் பதிந்த புலியை மறுமுறையும் அடையாளம் காணலாம். கரிய மயிர் போர்த்த கரடிக்கு அவ்வசதி அரிது. மார்பின் வெண்குறியும் எப்போதும் படத்தில் தெரிவதில்லை. எனவே மயிரின் மரபணுவால் தனியுயிரை அறிதல், ஒரே இடத்தைப் பன்முறை ஆய்ந்து தடம் கிட்டும் வாய்ப்பைக் கணித்தல் ஆகிய முறைகள் வேண்டப்படுகின்றன. ஒரு கரடியே பல புற்றுகளை அகழலாம்; தடம் கிட்டாத இடத்திலும் கரடி இருக்கலாம்.

சொல்லடைவுக்கும் இது பொருந்தும். ‘எண்கு’ என்பதை மட்டும் தேடுவோர் திருமுருகாற்றுப்படையின் ‘உளியத்தை’த் தவறவிடுவர். மேலும், வழியின் அருமையையும் இரவின் அச்சத்தையும் உணர்த்தப் புலவர் விலங்கைத் தேர்ந்தனர். காட்டைச் சீராகச் சுற்றிக் கணக்கெடுத்தாரல்லர்.

முடிவுரை

உலகில் எஞ்சிய இவ்வினக் கரடிகள் 20,000-க்கும் குறைவு என்னும் கூற்றே முழுக் கணக்கெடுப்பன்று. வல்லுநர் உய்த்துணர்ந்த மதிப்பீடு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காக்கப்படும் உயிருக்குப் பாடலிலிருந்து ஒரு ‘பண்டைய எண்ணிக்கை’ புனைந்தால், வீழ்ச்சியின் அளவும் புனைவாகவே முடியும். பாடல் தருவது எண்ணன்று. எங்கு, எப்போது எண்ண வேண்டும் என்னும் குறிப்பு. இருப்பை பூக்கும் காலத்துக் கணக்கைப் பிற காலத்துக் கணக்கோடு கலவாமல் வைப்பதும், அப்பூவை நாடும் மனிதரும் கரடியும் எதிர்ப்படும் இடங்களை முதலில் ஆராய்வதும் அக்குறிப்பு வழங்கும் பயன்களாகும்.