இரும்புக்கை யாருடைய கை?

கேழ்வரகு விளைந்த ஓசூர் மண்ணில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. ஏர் பிடித்த கை எந்திரம் பிடிக்கலாயிற்று. அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1972-இல், சிவகாசியினின்று முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை அனுப்பிற்று. சிறுவர் படக்கதைதானே என்று ஒதுக்குவோர் ஒதுக்கட்டும்! ஆலை வாயிலில் நின்று பார்க்கும் நம்மிடம் அந்தக் கை அரசியல் பேசுகிறது.

யார் இந்த மாயாவி? லூயி கிராண்டல். விஞ்ஞானியல்லன், முதலாளியல்லன், ஆய்வுக்கூடத்தில் ஏவிய பணி செய்யும் உதவியாளன். பணியிடத்து விபத்திலே வலக்கை போயிற்று, இரும்புக்கை வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்தது. கை மட்டும் தெரிந்தது!

கை மட்டும் தெரியும் மனிதன்! ஆலை முதலாளியின் கண்ணுக்குத் தொழிலாளி தென்படுவதும் இப்படித்தானே? அவன் பசி தெரியாது, பிள்ளை தெரியாது, பெயர் தெரியாது. கை மட்டும் தெரியும். (மாயாவி வடசொல், இரும்புக்கை நம் சொல். மக்கள் நாவில் நிலைத்ததும் அதுவே.)

ஆனால், கதை அந்தக் கையை எங்கே கொண்டுசென்றது? 1962-இல் இலண்டன் 'வேலியண்ட்' இதழில் தோன்றியபோது கிராண்டல் கொடியவனாய்த் திரிந்தான். பின்னர் அரசின் இரகசியப் படைக்கு ஒற்றனானான். பனிப்போர் ஒற்றனைக் கேட்டது, கதை கொடுத்தது. ஹெஸுஸ் பிளாஸ்கோவின் தூரிகையை நாம் வியக்கிறோம். கை இழந்தவன் தன் கைக்குக் கணக்குக் கேளாமலே போனதை ஏற்கோம்.

கேட்ட வீரனும் இருந்தான். அமெரிக்கா வேலையின்றி வாடிய 1938-இல், சீகலும் ஷூஸ்டரும் படைத்த சூப்பர்மேன், மூன்றாம் இதழிலேயே சுரங்க முதலாளியை அவனது பாதுகாப்பற்ற சுரங்கத்திலேயே சிக்கவைத்தான்! உலகப்போர் மூண்டதும் அவனே அட்டைப்படத்தில் போர்ப்பத்திரம் விற்றான். ஆண்டு மாறியது, ஆண்டையும் மாறினான்.

ஓசூருக்குத் திரும்புவோம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் ஈட்டும் திறனில் நூற்றுக்கு 30 போயிற்று என்றது, சுட்டுவிரலுக்கு 14. அழுத்துப்பொறியில் விரல் இழந்தவனுக்கு இரும்புக்கை முளைப்பதில்லை. பதிவேட்டில் பெயர் ஏறாத ஒப்பந்தத் தொழிலாளியாயின், மறைந்துபோவது மட்டும் எளிதில் நடக்கும். இவனைப் படக்கதையாய் வரைய முன்வரும் ஓவியர் எவர்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடையில் ஒலிக்கும் அவ்வூரில், மும்மொழியிலும் அதற்கு வாசகர் உண்டு.